கொழும்பில் தங்கிவிட்ட பிள்ளையின் பெயரும் பட்டியலில் வேண்டும்

மீள்குடியேற்றப் படிவங்களில் குடும்ப அங்கத்தவர் விபரம் கேட்கும் ஒரு பகுதி இருக்கும். பெயர், உறவுமுறை, பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், விவாகமானவரா இல்லையா என்று வரிசையாக நிரப்பிக்கொண்டு போகவேண்டும். கற்பிட்டி, ஆலங்குடா, நுரைச்சோலை, பாலாவி, தில்லையடிப் பக்கமிருந்து முசலிக்கோ, முல்லைத்தீவுக்கோ, யாழ்ப்பாணம் சோனகத் தெருவுக்கோ திரும்பிப்போகப் பதியும் குடும்பங்களில் சில, அந்தப் பகுதியில் ஓரிடத்தில் வந்து பேனாவை நிறுத்திவிடும். கொழும்பில் வேலை செய்யும், முப்பது தாண்டியும் கலியாணம் முடிக்காத மகனின் பெயர் வரும் இடம் அது. அல்லது கட்டுநாயக்கவில் ஒரு தோழியோடு அறை எடுத்து இருக்கும் மகளின் பெயர் வரும் இடம். "அவனை விடுங்க, அவன் வரமாட்டான்" என்பார் வாப்பா. உம்மா ஒன்றும் சொல்லமாட்டா. பெயர் எழுதப்படாமல் போய்விடும்.

இந்தப் பாடம் அந்தப் பெயரைப் பற்றியது. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை அல்ல. அதற்குரியவர்கள் உங்கள் ஊரில் இருக்கிறார்கள். திரும்பிப் போகும் குடும்பத்தில் ஒருவர்கூட எண்ணிக்கையில் விடுபடாமல் பார்ப்பதே எங்கள் வேலை. அந்தப் பிள்ளை நகரத்தில் எப்படி வாழ்கிறார், சட்டம் அவரைப் பற்றி என்ன சொல்கிறது, ஊரில் பேசப்படுவதில் எது உண்மை எது வதந்தி என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அந்தப் படிவத்தை முழுமையாக நிரப்புவது எளிது. புத்தளம் கரையோரத்தில் தங்கியிருந்து ஊர் திரும்பும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும். வாப்பா என்ற இடத்தில் அப்பா என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் சில சொற்கள்

ஓர் ஆணுக்கு ஆண் மீதும், ஒரு பெண்ணுக்குப் பெண் மீதும் அன்பும் நாட்டமும் ஏற்படுவதைத் தன்பால் ஈர்ப்பு என்கிறோம். பத்திரிகைகளில் "ஓரினச்சேர்க்கை" என்ற சொல்லை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு மனிதரின் முழு வாழ்க்கையையும் படுக்கையறைக்குள் சுருக்கிவிடுகிற சொல் அது. அதனால் இந்தக் கைநூலில் அதைத் தவிர்த்திருக்கிறோம். நகரத்துப் பிள்ளைகள் பேச்சில் "கே" என்றும் "லெஸ்பியன்" என்றும் சொல்வார்கள். பிறப்பில் ஆண் என்று பதியப்பட்டு, தம்மைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர் திருநங்கை. பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. இது வேறு விடயம். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தெற்கில் சிங்களம் பேசுவோர் நடுவே "நாச்சி" என்று தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் ஒரு வட்டம் இருக்கிறது. பெண்மை நளினத்தோடு நடந்துகொள்ளும் இவர்களைப் பேருந்து நிலையங்களிலும் திருவிழாக்களிலும் நீங்கள் கண்டிருக்கலாம்.

தன்பால் ஈர்ப்பு நோயல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே தாயத்து, ஓதிப் பார்த்தல், பேயோட்டல், மனநோய் மாத்திரை எதற்கும் இங்கே வேலையில்லை. இவற்றுக்குச் செலவழிக்கும் பணம் வீட்டுக் கூரைக்கு ஆகும்.

நகரத்தில் அவர்கள் வாழும் வாழ்க்கை

பிள்ளை கொழும்பில் "அப்படியான ஆட்களோடு" இருக்கிறான் என்று காதில் விழுந்ததும் பெற்றோர் மனதில் இரண்டு படங்களில் ஒன்று ஓடும். இரவில் ஏதோ கெட்ட இடம் என்பது ஒன்று. யாருமற்ற தனிக்கட்டை என்பது மற்றது. இரண்டும் பெரும்பாலும் சரியல்ல.

முகாமில் வளர்ந்த ஒரு பிள்ளை புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடைக்கோ, மருதானையில் ஒரு தொலைபேசி திருத்தும் கடைக்கோ வேலைக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆறு மாதம் கடைக்கு மேலேயே படுக்கை. பிறகு வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ கொம்பனித்தெருவிலோ இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஓர் அறை. வாடகை பங்கு, சமையல் முறை வைத்து. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போவான். நோன்பு காலத்தில் அறையில் கஞ்சி காய்ச்சுவார்கள். நோன்பில்லாத தோழனும் அதில் பங்கு கேட்பான். மாத முடிவில் ஊருக்குப் பணம் அனுப்புவான். டெங்குக் காய்ச்சல் வந்து வைத்தியசாலையில் கிடந்தால், இரவு முழுக்கப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பவன் அந்த அறைத் தோழன்தான். அவன் வெறும் தோழனா, அதற்கும் மேலா என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தவன் என்பது மட்டும் நிச்சயம்.

இப்படிப்பட்டவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளவும் கூடிப் பேசவும் கொழும்பில் இடங்கள் உருவாகி முப்பது ஆண்டுகளாகின்றன. 1995 இல் ஷெர்மன் டி ரோஸ் என்பவர் "கம்பானியன்ஸ் ஒன் எ ஜேர்னி" என்ற அமைப்பைத் தொடங்கினார். வந்து உட்காரலாம், தேநீர் குடிக்கலாம், எயிட்ஸ் பற்றியும் பாதுகாப்புப் பற்றியும் பயமில்லாமல் கேட்கலாம் என்று ஓர் இடம். வீட்டில் ஒரு வார்த்தை வாய் திறக்க முடியாத ஒருவனுக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்பதை எண்ணிப் பாருங்கள். 1999 இல் பெண்களுக்கென்று "விமென்ஸ் சப்போர்ட் குரூப்" உருவானது. 2004 இல் ரொசானா ஃபிளேமர்-கல்தேரா "ஈக்குவல் கிரவுண்ட்" அமைப்பை நிறுவினார். அடுத்த ஆண்டு, 2005 இல், கொழும்புப் பெருமை விழா தொடங்கியது.

பெருமை விழா என்றதும் ஏதோ ஆபாசக் கூத்து என்று எண்ணிவிடுகிறார்கள். அங்கே நடப்பவற்றைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும்: படம் திரையிடுவார்கள், ஓவியமும் புகைப்படமும் காட்சிக்கு வைப்பார்கள், பேச்சும் கலந்துரையாடலும் நடக்கும். கடற்கரையில் வானவில் நிறப் பட்டம் விடும் விழா ஒன்று உண்டு. கண்டக்குழிக் காற்றில் பட்டம் கட்டிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு அதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. பெரும்பாலும் ஜூன் மாதத்தில் நடத்துவதற்குக் காரணம், 1969 ஜூன் இறுதியில் நியூயோர்க்கில் ஸ்டோன்வோல் என்ற விடுதியில் பொலிஸ் சோதனைக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியின் நினைவு. இலங்கையில் நெடுங்காலம் இவை மண்டபங்களுக்குள்ளேயும் கடற்கரை ஓரத்திலும் அடக்கமாகத்தான் நடந்தன. 2022 இல் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்தில், ஜூன் 25 அன்று, வானவில் கொடியுடன் ஓர் ஊர்வலம் காலிமுகத்திடல் போராட்டக் களத்துக்குப் பகிரங்கமாக நடந்து சென்றது. அண்மை ஆண்டுகளில் யாழ்ப்பாண நகரிலும் அத்தகைய நடைபவனிகள் நடந்திருக்கின்றன. திருநர்களின் வலையமைப்பு ஒன்றும் அங்கே இயங்குகிறது. ஆகவே சோனகத் தெருவுக்குத் திரும்பும் குடும்பங்கள் "இதெல்லாம் கொழும்புக் கதை" என்று ஒதுக்கிவிட முடியாது. ஐந்து சந்தியிலிருந்து நகரம் எவ்வளவு தூரம்?

இனிமையான பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது சரியாகாது. 2016 இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் இலங்கையில் இவர்கள் படும் பாட்டைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. "ஐந்து விரல்களும் ஒன்றல்ல" என்பது அதன் தலைப்பு. வேலையிலும் வைத்தியசாலையிலும் வாடகை வீட்டிலும் பொலிஸ் நிலையத்திலும் கிடைக்கும் அவமதிப்புகளே அதன் பெரும்பகுதி. அறை கொடுத்தவர் விபரம் அறிந்ததும் "நாளைக்கே காலி பண்ணு" என்று சொல்வது சாதாரணமாக நடக்கிறது. வாடகை ஒப்பந்தமும் முற்பணப் பற்றுச்சீட்டும் எழுத்தில் இருந்தால் அந்த நேரத்தில் கொஞ்சம் கைகொடுக்கும். பிள்ளையிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

இங்கே நிதானமாக வாசியுங்கள். ஊரில் அதிகம் பிழையாகப் பேசப்படும் பகுதி இது.

நம் தண்டனைச் சட்டக்கோவை 1883 இல் பிரித்தானியர் கொண்டுவந்தது. அதன் 365 ஆம் பிரிவு "இயற்கை ஒழுங்குக்கு மாறான" உடலுறவைக் குற்றமாக்குகிறது. பத்து ஆண்டு வரை சிறை. 365அ பிரிவு "பாரதூரமான அநாகரிகச் செயல்" என்பதைக் குற்றமாக்குகிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். இந்த இரண்டாவது பிரிவு முதலில் ஆண்களை மட்டுமே குறித்தது. 1995 இல் செய்த திருத்தத்தில் "ஆண்" என்ற சொல் "ஆள்" என்று மாறியது. அன்றிலிருந்து பெண்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். இதே பிரித்தானியச் சட்டத்தின் இந்தியப் பிரதியை, அதாவது 377 ஆம் பிரிவை, வயது வந்தவர்கள் விருப்பத்தோடு நடத்தும் உறவுக்குப் பொருந்தாதென்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பரில் தீர்ப்பளித்தது. இலங்கையில் அது இன்னும் சட்டநூலில் இருக்கிறது.

சட்டம் தண்டிப்பது ஒரு செயலை மட்டுமே. ஒருவர் தன்பால் ஈர்ப்புள்ளவராக இருப்பதோ, அப்படிச் சொல்லிக்கொள்வதோ, இரண்டு ஆண்கள் ஓர் அறையில் வாடகைக்கு இருப்பதோ, பட்ட விழாவுக்குப் போவதோ குற்றமல்ல. இந்த வேறுபாட்டை அறியாததால்தான் பயமுறுத்துகிறவர்களுக்குக் காசு போகிறது.

நீதிமன்றங்களின் போக்கும் மாறிவருகிறது. மருதானைப் பொலிஸார் தொடுத்த ஒரு பழைய வழக்கில், 2016 நவம்பரில் உயர் நீதிமன்றம், வயதுவந்த இருவர் விருப்பத்தோடு செய்வதை அரசு காவல் செய்ய வேண்டியதில்லை என்ற இக்காலக் கருத்தைக் குறிப்பிட்டு, சிறைத் தண்டனையை ஒத்திவைத்த தண்டனையாக மாற்றியது. குற்றம் குற்றமாகவே இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 2022 இல் பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் குழு, ரொசானா ஃபிளேமர்-கல்தேரா கொடுத்த முறைப்பாட்டில், பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்குவது இலங்கை ஏற்றுக்கொண்ட சமவாயத்துக்கு முரணானது என்று முடிவு கூறியது. பிரேம்நாத் தொலவத்த என்ற பாராளுமன்ற உறுப்பினர் இந்தப் பிரிவுகளைத் திருத்தத் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். அது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அது நிறைவேறும் முன்னரே 2024 இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. வழி திறந்திருக்கிறது, நடந்து முடியவில்லை. இன்றைய நிலையை அப்படித்தான் சொல்லவேண்டும்.

சிறுவர் துஷ்பிரயோகம் வேறு

இந்தக் கரையோர மக்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நீர்கொழும்பு முதல் தெற்குக் கரை வரை வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் சிலர் சிறுவர்களைக் காசுக்குச் சீரழித்த கொடுமை நடந்தது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவானதற்கு அப்படியான கொடுமைகள் ஒரு பின்னணி. கற்பிட்டியில் காற்றுச் சறுக்கலுக்கு வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கிய பிறகு "அந்த மாதிரி ஆட்கள்" என்ற பேச்சு இங்கேயும் கிளம்பியது. சிறுவர் மீது கை வைப்பவர் ஆணானாலும் பெண்ணானாலும், உள்ளூரானாலும் வெளியூரானாலும், உறவினரானாலும் ஆசிரியரானாலும் குற்றவாளி. அதற்குச் சமாதானமே இல்லை. உடனே 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். ஆனால் தன் வயதொத்த ஒருவனோடு வாழ விரும்பும் உங்கள் மகனை அந்தக் கூட்டத்தில் சேர்த்துப் பார்ப்பது அநியாயம். அப்படிச் சேர்த்துப் பார்ப்பதால் இன்னொரு கேடும் உண்டு: எல்லார் கண்ணும் அவன் மேல் இருக்க, பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறவன் மரியாதையான முகத்தோடு வீட்டுக்குள் வந்து போகிறான்.

பயமுறுத்தல் வந்தால்

கைப்பேசியில் அறிமுகமாகி, சந்திக்கக் கூப்பிட்டு, பிறகு "உன் வீட்டுக்குச் சொல்வேன், பள்ளிவாசலுக்குச் சொல்வேன்" என்று காசு கேட்கும் கும்பல்கள் இருக்கின்றன. இவர்கள் ஆயுதம் சட்டம் அல்ல, உங்கள் கோபம். மகன் உங்களுக்குப் பயப்படும் அளவுக்குத்தான் அவர்களுக்கு விலை. "எது நடந்தாலும் முதலில் எனக்குச் சொல்லு" என்று ஒரு நாள் சொல்லி வைத்த தகப்பனின் பிள்ளையிடம் அவர்களால் ஒன்றும் பறிக்க முடியாது. பயமுறுத்திப் பணம் பறித்தல் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். குறுஞ்செய்திகளையும் பணம் அனுப்பிய சீட்டுகளையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு தடவை கொடுத்தால் மறுதடவையும் கேட்பார்கள்.

பொலிஸார் பிடித்தால், எதற்காகக் கைது செய்கிறார்கள் என்பதை அறியும் உரிமை அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரையில் இருக்கிறது. சட்டத்தரணி வரும் வரை விளங்காத எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். சந்தேகத்தின் பேரில் உடற்பரிசோதனைக்கு உட்படுத்திய சம்பவங்களை மனித உரிமை அமைப்புகள் வெளிப்படுத்தியிருக்கின்றன. அப்படி ஒரு பரிசோதனைக்குச் சம்மதிக்கச் சொல்லி வற்புறுத்தினால் மறுத்து, சட்டத்தரணியைக் கேட்க வேண்டும். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாத காலமே தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணையில் கணக்கிடப்படாது. நாட்களை எண்ணிக்கொண்டிருங்கள்.

கலியாணம் செய்து வைத்தால் சரியாகிவிடுமா

ஊர் திரும்பும் நேரத்தில் இந்த யோசனை அநேகமாக எல்லா வீட்டிலும் வரும். புதிய இடம், புதிய வீடு, ஒரு பெண்ணையும் பார்த்து முடித்துவிட்டால் பையன் கொழும்பை மறந்துவிடுவான் என்று மாமா சொல்வார். வீட்டுத் திட்டங்களில் தனி ஆளைவிடக் குடும்பத்துக்கே முதலிடம் கொடுப்பதால், "கலியாணம் முடித்தால் உனக்கும் ஒரு வீடு" என்ற கணக்கும் இதோடு சேரும். எங்கள் எண்ணம் நேரடியாக இதுதான்: அந்தக் கணக்கில் ஒரு பெண் பிள்ளையின் வாழ்க்கை செலவாகிறது. அவளுக்கும் ஒரு வாப்பா, உம்மா இருக்கிறார்கள். இரண்டு வருடத்தில் காதி நீதிமன்றத்தில் நிற்கும்போது, எதற்காக இது முறிந்தது என்று அவளால் வெளியே சொல்லவும் முடியாது.

மகளாக இருந்தால் ஆபத்து இன்னும் கூட. 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டப்படி விவாகப் பதிவில் மணமகளின் கையொப்பம் கட்டாயமில்லை. வலீ கையொப்பமிட்டால் போதும். இதைத் திருத்தவேண்டுமென்று முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகின்றன. சட்டம் அவளைக் கேட்கச் சொல்லவில்லை என்பதற்காக நீங்களும் கேட்காமல் விடலாமா? பொது விவாகக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யும் தமிழ்க் குடும்பங்களில் பெண் கையெழுத்திடத்தான் வேண்டும். ஆனால் அழுதுகொண்டே கையெழுத்திட்ட பெண்களையும் நாம் அறிவோம்.

மகனோ மகளோ சோறு வெறுத்து, தூக்கமின்றி, "இருந்தென்ன" என்று பேசத் தொடங்கினால் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தில் ஆலோசனை கிடைக்கும். மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதற்காக அழைக்க வேண்டாம். பிள்ளையை உயிரோடு வைத்திருக்க அழையுங்கள்.

பட்டியலும் பங்கும்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். ஏறத்தாழ 75,000 பேர் வந்தார்கள். பெரும்பான்மையோர் இந்தப் புத்தளம் மண்ணில் இறங்கினார்கள். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். புத்தளத்தில் பதிந்தால் வடக்கில் பெயர் வெட்டப்படும், வடக்கில் பதிந்தால் இங்கே நிவாரணம் நிற்கும் என்று வருடக்கணக்காக இழுபட்டு, இரண்டு இடத்திலும் வாக்கில்லாமல் நின்றவர்கள் உண்டு. இடம்பெயர்ந்தோர் சொந்த இடத்தில் வாக்காளராகப் பதிய 2013 இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. பட்டியலில் பெயரில்லாமல் போவது என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

கடலுக்கு அப்பால் நடந்த ஒன்றையும் சொல்கிறோம். 2004 சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டுக் கரையோரத்தில் திருநங்கைகள் பலருக்கு நிவாரணம் போய்ச் சேரவில்லை. வீட்டைவிட்டு எப்போதோ விலக்கப்பட்டதால் குடும்ப அட்டையில் பெயரில்லை. அட்டையில் பெயரில்லாததால் கணக்கெடுப்பில் இல்லை. தங்குமிடங்களில் ஆண்கள் பக்கமும் இடமில்லை, பெண்கள் பக்கமும் இடமில்லை. 2008 இல் தமிழ்நாடு அரசு அவர்களுக்கென்று நலவாரியம் அமைத்தது. அந்த நான்கு வருட இடைவெளி, குடும்பங்கள் ஒரு பெயரை வெட்டியதிலிருந்து தொடங்கியது.

உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றிய ஐக்கிய நாடுகளின் வழிகாட்டு நெறிகள் 1998 இல் வெளிவந்தன. நிவாரண அமைப்புகள் கையில் வைத்து வேலை செய்வது அந்த நூலைத்தான். அதன் 4 ஆம் நெறி இனம், மதம், மொழி, பால் என்று அடுக்கி, அவற்றை ஒத்த வேறெந்தக் காரணத்தாலும் பாகுபாடு கூடாதென்று முடிகிறது. 28 ஆம் நெறி, திரும்புதல் விருப்பத்தோடும் பாதுகாப்போடும் கண்ணியத்தோடும் நடக்க வேண்டும் என்கிறது. விருப்பத்தோடு என்றால், திரும்பாமல் கொழும்பிலேயே இருக்க விரும்புகிறவருக்கும் அந்த உரிமை உண்டு. கொழும்பில் இருப்பதால் அவர் உங்கள் குடும்பத்தில் இல்லாதவர் ஆகிவிடமாட்டார்.

காணிப் பங்கில் சிலர் கை வைப்பதும் உண்டு. "அவனுக்குப் பிள்ளையா குட்டியா, அவன் பங்கையும் நானே எடுக்கிறேன்" என்று நானா சொல்வார். உயில் எழுதாமல் வாப்பா மௌத்தானால் முஸ்லிம்களின் சொத்து 1931 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழியே மார்க்க முறைப்படி பிரியும்; வடக்குத் தமிழருக்குத் தேசவழமை. கலியாணம் முடிக்காதவர் என்றோ, யாரோடு வாழ்கிறார் என்றோ பங்கு குறைவதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அவர் தானாக விட்டுக்கொடுக்க விரும்பினால் அது வேறு. அப்போதும் நொத்தாரிசு முன் விளங்கி எழுதட்டும். ஜும்ஆவில் உறவைத் துண்டிக்காதே என்று பேஷ் இமாம் சொன்னதை எல்லோரும் கேட்டிருக்கிறோம். அங்கே அவர் யாருக்கும் விதிவிலக்குச் சொன்னதாக நினைவில்லை.

குடும்பத்தில் திருநங்கையோ திருநம்பியோ இருந்தால் ஒரு வேலை கூடுதலாக உண்டு. சுகாதார அமைச்சின் 2016 சுற்றறிக்கையின்படி மனநல வைத்திய நிபுணர் ஊடாகப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம். அதைக் கொண்டு பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிறப்புப் பதிவைத் திருத்தி, பிறகு அடையாள அட்டையை மாற்றலாம். காணி, வீட்டுத் திட்டப் படிவங்களில் பழைய பெயர் ஓரிடத்திலும் புதிய பெயர் ஓரிடத்திலும் வந்தால் கோப்பு தேங்கிவிடும். ஆகவே அடையாள அட்டையில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதையே எல்லாத் தாள்களிலும் எழுதுங்கள். அட்டை மாறியதும் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

கிராம உத்தியோகத்தரிடம் போகும்போது, கொழும்பில் இருக்கும் பிள்ளையைப் பற்றி அவருக்குத் தேவையானது நான்கே விடயம்: பெயர், உறவுமுறை, அடையாள அட்டை இலக்கம், தற்போது வசிக்கும் விலாசம். யாரோடு இருக்கிறார், ஏன் கலியாணம் முடிக்கவில்லை என்பதெல்லாம் படிவத்தில் இல்லாத கேள்விகள். கேட்டாலும் "வேலை நிமித்தம் கொழும்பில் இருக்கிறார்" என்பது போதுமான பதில், உண்மையான பதிலும்கூட. உங்களுக்குத் தெரிந்ததை அயலவருக்கோ, சங்கக் கூட்டத்திலோ சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அதைச் சொல்வதா இல்லையா என்று தீர்மானிப்பது அந்தப் பிள்ளை.

வாக்காளர் இடாப்பில் ஒருவருக்கு ஓரிடத்தில் மட்டுமே பெயர் இருக்க முடியும். ஆகவே கொழும்பிலா ஊரிலா என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டுப் பதியுங்கள். மீள்குடியேற்றக் குடும்ப விபரத்தில் பெயர் இருப்பது வேறு, வாக்குப் பதிவு வேறு. இரண்டையும் கிராம உத்தியோகத்தரிடம் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியும் அடையாள அட்டையின் இரண்டு நிழற்பிரதிகளும் தேவைப்படும். அடுத்த பெருநாளுக்கு வரும்போது எடுத்துவரச் சொல்லுங்கள். தோழனும் கூட வருவதாகச் சொன்னால், பாய் ஒன்று கூடுதலாக எடுத்து வையுங்கள்.